சன்பெட்டா, வெயிலா, மாத்திரையா: எந்தத் தேவைக்கு எது?

லண்டன், டொராண்டோ, பெர்லின் மாதிரி ஊர்களில் கடைத்தெருப் பக்கம் போனால் நகப்பூச்சுக் கடைக்கும் சலூனுக்கும் நடுவே, தோலைப் பழுப்பாக்கும் ஒரு டேனிங் கடை கண்ணில் படும். உள்ளே குழல் விளக்குகள் பதித்த ஒரு படுக்கை. உடைகளைக் களைந்து படுத்து மூடியைச் சாத்திக்கொண்டால் மேலும் கீழுமாகப் புற ஊதாக் கதிர் உடம்பு முழுக்கப் படும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதைத்தான் சன்பெட் என்கிறார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் சோலாரியம்.

வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பழுப்பாக ஆசைப்பட்டுப் போகும் இடம், நமக்கும் அதற்கும் என்ன என்று தோன்றலாம். ஆனால் குளிர்நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குள்ளும் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தவரிடம் யாராவது ‘சன்பெட்டில் படுத்துப் பாருங்களேன்’ என்கிறார்கள். சோரியாசிஸ் உள்ளவர் மருத்துவமனைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிடப் பக்கத்துக் கடைக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தோழிகளோடு சேர்ந்து போகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சன்பெட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. நிறம், விடுமுறைக்கு முன் தோலைத் ‘தயார்’ செய்வது, வைட்டமின் டி, தோல்நோய், குளிர்கால மனச்சோர்வு என்று காரணங்கள் பல. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துவைத்து, அதற்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால், எதிலுமே சன்பெட் முதலிடத்துக்கு வருவதில்லை.

ஒப்பீட்டுக்குப் போகும் முன் அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம். வெயிலில் நம் மேல் படும் புற ஊதாக் கதிர் இரண்டு வகை. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளது பி வகை. தோல் சிவந்து எரிவது முக்கியமாக இதனால்; வைட்டமின் டி உண்டாவதும் இதனால்தான். 315 முதல் 400 வரை உள்ளது ஏ வகை. இது இன்னும் ஆழமாக இறங்கி, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனைச் சிதைக்கும். தோல் சீக்கிரம் தளர்ந்து சுருங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. செல்லில் உள்ள டிஎன்ஏவை இரண்டுமே கெடுக்கும், வழிதான் வேறு. சன்பெட் விளக்கு தருவது பெரும்பாலும் ஏ வகை. பி வகை சில சதவீதம் மட்டுமே. சக்தி வாய்ந்த சில படுக்கைகளில் வரும் ஏ வகைக் கதிர், மத்தியதரைக் கடலோரத்து உச்சிவெயிலில் இருப்பதைப்போல 10 முதல் 15 மடங்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பியத் தரவிதியின்படி ஒரு சன்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே, புற ஊதாவின் கடுமையைக் காட்டும் யூவி குறியீட்டில் 12க்குச் சமம். சித்திரை மாதம் நண்பகலில் சென்னையில் நிற்பது ஏறக்குறைய அதே அளவுதான். அந்த வெயிலில் யாரும் ஆடையில்லாமல் போய்ப் படுக்க மாட்டார்கள்.

முதலில் நிறம். பெரும்பாலோர் போவது இதற்காகத்தான்.

பழுப்பு நிறத்துக்கு வழிகள் நான்கு: சன்பெட், கடற்கரை வெயில், தோலில் பூசும் செயற்கை நிறம், உள்ளே செலுத்தும் மாத்திரை அல்லது மூக்கு ஸ்பிரே. முதல் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். டிஎன்ஏ அடிபட்டதும், அதைக் காக்கத் தோல் மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதாவது பழுப்பாவதே காயம் பட்டதற்கான பதில். ‘அளவோடு, பாதுகாப்பாகப் பழுப்பாகலாம்’ என்ற விளம்பரத்தில் நான் நம்பாத இடம் இதுதான். காயம் இல்லாமல் அந்த நிறம் வராது. போதாக்குறைக்கு, ஏ வகைக் கதிரில் உடனே தெரியும் கருமை பெரும்பாலும் புதிய மெலனின் அல்ல. ஏற்கெனவே இருந்த மெலனின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கருத்துப்போவதுதான். அதனால் அது சீக்கிரம் மங்கிவிடும், ஆளும் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற ஊதா டேனிங் கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பட்டியல் அது. 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. ஒருமுறையாவது சன்பெட்டில் படுத்தவர்களுக்கு, தோல் புற்றுநோயில் கொடிய வகையான மெலனோமா வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் அதிகம். 35 வயதுக்கு முன்பே தொடங்கியவர்களுக்கு, பின்னர் திருத்தி வெளியிட்ட கணக்கின்படி, 59 சதவீதம் அதிகம். மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்களில் செதில்செல் வகை 67 சதவீதமும் அடித்தளச்செல் வகை 29 சதவீதமும் கூடுதல். இவையெல்லாம் ஒப்பீட்டு எண்கள். தோல் புற்றுநோய் அரிதாக வரும் ஒருவருக்கு 20 சதவீதம் கூடினாலும் மொத்த எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். ஆனால் வெளுத்த தோலும் செம்பட்டை முடியும் நிறைய மச்சங்களும் உள்ள 17 வயதுப் பெண்ணுக்கு அது சிறிய எண் அல்ல.

மெல்பர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் 2007இல் மெலனோமாவால் இறந்தபோது அவருக்கு வயது 26. இறப்பதற்கு முந்தைய வாரங்களில், நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்துகொண்டே, சோலாரியங்களுக்கு எதிராகத் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் பேசினார். அந்தக் குரல் ஆஸ்திரேலியாவை உலுக்கியது. அடுத்தடுத்து மாநில அரசுகள் கட்டுப்பாடு கொண்டுவந்தன. 2015 தொடங்கும்போது பெரும்பாலான மாநிலங்களிலும், 2016 தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வணிக சோலாரியங்கள் முழுதாகத் தடை செய்யப்பட்டன. எல்லா வயதினருக்கும் தடை போட்ட முதல் நாடு பிரேசில், அது 2009இல். பிரிட்டன், ஜெர்மனி, நார்வே, கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் தடை.

சரி, கடற்கரை வெயில்? பழுப்பாவதற்கென்றே வெயிலில் கிடப்பதும் அதே காயம்தான். சூரியக் கதிர் 1992இலேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. இருந்தாலும் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பது என் கணக்கு. வெளியே போகிறவர் நடக்கிறார், நீந்துகிறார், குழந்தைகளோடு விளையாடுகிறார். சட்டை, தொப்பி, நிழல், சன்ஸ்கிரீன் என்று கதிரைக் குறைக்கக் கையில் வழிகள் இருக்கின்றன. யூவி குறியீடு 3ஐ எட்டினால் மூடிக்கொள்ள வேண்டும் என்று கைப்பேசியே சொல்லிவிடும். சன்பெட்டில் கதிரைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. வெயிலே படாத உடற்பகுதிகள் மேலும் அது அடிக்கும். கண்ணாடி போடாமல் இமையை மட்டும் மூடிக்கொள்கிறவர்களின் கண்ணுக்கும் பாதிப்பு உண்டு. கருவிழி எரிச்சலில் தொடங்கிக் கண்புரை வரைக்கும் போகும்.

பூசும் நிறம்தான் இதில் வெல்கிறது. இதன் மூலப்பொருள் டைஹைட்ராக்ஸி அசிட்டோன், சுருக்கமாக டிஹெச்ஏ. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் குழந்தைகளுக்கு இதை வாய்வழி மருந்தாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதையும் துணியில் கறை பிடிக்காததையும் கவனித்தார். தோலின் மேலே இறந்துபோன செல்களாலான அடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு இது வினைபுரிந்து நிறம் தருகிறது. ரொட்டியின் மேல்புறம் சிவக்கும் அதே வேதிவினை. சில மணி நேரத்தில் நிறம் தெரியும். தோல் உதிர உதிர ஐந்து முதல் ஏழு நாளில் போய்விடும். உயிருள்ள செல்லைத் தொடுவதற்குப் புற ஊதாக் கதிர் இதில் இல்லவே இல்லை.

குறைகளும் உண்டு. முழங்கை, முழங்கால், கணுக்காலில் திட்டாகப் பிடிக்கும். பூசும் முன் அந்த இடங்களைத் தேய்த்துக் குளித்து, அங்கே மட்டும் மாய்ஸ்சரைசர் தடவினால் சமாளிக்கலாம். கொஞ்சம் வாடை அடிக்கும். கடையில் ஸ்பிரே அடித்துக்கொண்டால் மூக்கு, உதடு, கண் மூன்றையும் மறைக்க வேண்டும். மேலே பூசத்தான் இதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறது, மூச்சில் இழுக்க இல்லை. இன்னொன்றை மறக்கக் கூடாது: இந்த நிறம் வெயிலைத் தடுக்காது. பழுப்பாகிவிட்டோமே என்று சன்ஸ்கிரீன் பூசாமல் கடற்கரைக்குப் போனால் தோல் எரியும்.

நான்காவது வழியை ஒப்பீட்டுக்கே எடுக்கத் தேவையில்லை. மெலனோடான் என்ற பெயரில் ஊசியாகவும் மூக்கு ஸ்பிரேயாகவும் இணையத்தில் விற்கிறார்கள். பழுப்பாவதற்கு என்று உரிமம் பெறாத மருந்து அது. குமட்டல் வரும், மச்சங்கள் கருத்து உருமாறும். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் எச்சரித்திருக்கின்றன. பழுப்பாவதற்கென்று விழுங்கும் கேந்தாஸாந்தின் மாத்திரையோ விழித்திரையில் படிகமாகப் படியக்கூடியது. இரண்டையும் தொடவே வேண்டாம்.

இங்கே நம் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலுக்குத் தோல் காட்டும் எதிர்வினையை வைத்து 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடங்கிய வகைப்பாடு இன்று ஆறு வகையாக இருக்கிறது. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரைக்குள் வருவோம். மெலனின் நிறைய இருப்பதால் புற ஊதாவால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு. மேலே சொன்ன சதவீதங்கள் பெரும்பாலும் வெள்ளையரை ஆராய்ந்து வந்தவை, அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று இதை வாசிக்க வேண்டாம். முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கு அது மோசமாகும், கண்ணுக்கான ஆபத்தில் நிறவேறுபாடு துணைக்கு வராது, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு நோய் கிளம்பக்கூடும். டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் வழக்கத்தைவிட எளிதில் எரியும். நம் வீடுகளில் அந்த ரத்த அழுத்த மாத்திரை எத்தனை பேர் எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம், விடுமுறைக்கு முன் தோலைத் தயார் செய்வது. ஸ்பெயினுக்கோ கிரீஸுக்கோ போவதற்கு முன் சில தடவை சன்பெட்டில் படுத்து லேசாகப் பழுப்பாகிவிட்டால் அங்கே தோல் எரியாது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பரவலாக இருக்கிறது. அந்தப் பழுப்பு தரும் பாதுகாப்பு, சன்ஸ்கிரீனின் தடுப்புத் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண்ணில் சொன்னால், 3 அல்லது 4 அளவுதான். ஏ வகை விளக்கில் வந்த பழுப்பென்றால் அதுகூடத் தேறாது. கடையில் வாங்கும் சாதாரண சன்ஸ்கிரீன் 30. இதற்கு மேல் ஒப்பிட ஒன்றுமில்லை.

வைட்டமின் டிதான் நமக்கு நெருக்கமான விஷயம். குளிர்நாட்டுத் தமிழர்களுக்கு இது உண்மையான பிரச்சினை. தோலில் உள்ள மெலனின் பி வகைக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது; அதே அளவு வைட்டமின் உண்டாக நமக்கு வெள்ளையரைவிட அதிக நேரம் வெயில் தேவை. அது கிடைக்காத ஊரில் போய்க் குடியிருக்கிறோம். வடக்கே லண்டன் இருக்கும் அட்சரேகையில் அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தாழ்வாகவே இருப்பதால் பி வகைக் கதிர் தரைக்குப் போதிய அளவு வருவதில்லை. ஜனவரியில் வானம் பளிச்சென்று இருந்தாலும் அந்த வெயிலில் வைட்டமின் உண்டாகாது. ஊரில் வெயிலுக்குப் பயந்து ஒதுங்கிய அதே ஆள் இங்கே எலும்பு வலியோடு மருத்துவரிடம் போகிறார்.

அப்படியானால் சன்பெட் உதவாதா? கொஞ்சம் உதவும், பொய் சொல்ல வேண்டியதில்லை. விளக்கில் பி வகை கொஞ்சம் இருப்பதால் கொஞ்சம் வைட்டமின் உண்டாகும். ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. விளக்குக்கு விளக்கு, அதன் வயதுக்கு வயது மாறும். மறுபக்கம் தேவையில்லாத ஏ வகைக் கதிர் முழுவதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். டேனிங் தொழில் இந்த வைட்டமின் கதையை ரொம்ப நாள் விற்றது. உடல்நலப் பலன்களைப் பற்றியும் ஆபத்தின்மையைப் பற்றியும் தவறாக விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவின் டேனிங் கடைகள் சங்கத்தின் மேல் அந்நாட்டு வணிக ஆணையம் 2010இல் நடவடிக்கை எடுத்தது.

கோடைக்கால வெயில் இதைவிட நல்லது, செலவும் இல்லை. தோல் எரியும் அளவுக்குப் போகாமல், முகமும் கையும் காலும் வெளியே தெரிய, நடக்கப் போகலாம். ஆனால் அலுவலகத்திலோ கடையிலோ நாள் முழுக்க உள்ளேயே வேலை, உடம்பை மூடும் உடை என்று இருப்பவர்களுக்குக் கோடையிலும் இது போதாமல் போகலாம்.

உணவு என்று பார்த்தால் மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் சாப்பிடுகிறவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். முட்டை மஞ்சள்கருவில் கொஞ்சம் உண்டு. கனடாவில் பாலில் சட்டப்படியே வைட்டமின் டி சேர்க்கிறார்கள். பிரிட்டனில் சாதாரணப் பாலில் சேர்ப்பதில்லை. அதனால் டொராண்டோவில் இருக்கும் அக்கா பால் குடித்தால் போதும் என்று சொல்வது லண்டன் தங்கைக்குப் பொருந்தாது. சைவ உணவுக்காரர்களுக்கு உணவு வழியாக மட்டும் தேறுவது கடினம்.

மிச்சம் இருப்பது மாத்திரை. என்னைக் கேட்டால் இங்கே போட்டியே இல்லை. ஆப்பிரிக்க, தெற்காசிய வம்சாவளியினர் போன்ற கருந்தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்வதை யோசிக்கலாம் என்பது பிரிட்டன் அரசின் பரிந்துரை. மற்றவர்களுக்கு இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். சன்பெட்டில் ஒருமுறை படுக்கும் காசில் பல வாரத்து மாத்திரை வந்துவிடும், அளவும் துல்லியமாகத் தெரியும். அதிகமானால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர்கள் தாமாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு நாளின் மேல்வரம்பு 4000 யூனிட். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். பரிசோதனையில் மிகக் குறைவு என்று வந்தால் மருத்துவர் கூடுதல் அளவை எழுதித் தருவார், அது வேறு. சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான டி3 மாத்திரை ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுப்பது. லைக்கன் எனும் கற்பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, அட்டையில் பார்த்து வாங்கலாம்.

அடுத்தது தோல்நோய். சன்பெட் வாதத்துக்கு ஓரளவு வலு இருப்பது இங்கே மட்டும்தான். சோரியாசிஸ் உள்ள சிலருக்கு சன்பெட்டில் படுத்த பிறகு திட்டுகள் குறைவது உண்மை. புற ஊதா ஒளி மருந்தாக வேலை செய்யும் என்பது புதிய செய்தியும் அல்ல. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903இலேயே நோபல் பரிசு வாங்கினார். ஆனால் இன்று மருத்துவமனையில் தரும் குறுகிய அலைவரிசை பி வகைச் சிகிச்சை 311 நானோமீட்டரைச் சுற்றியுள்ள கதிரை மட்டும் தருவது. சோரியாசிஸுக்கு எது வேலை செய்கிறதோ அதை மட்டும் எடுத்து, எரிக்கும் பகுதியையும் ஏ வகையையும் விலக்கிய விளக்கு அது. உங்கள் தோல் எவ்வளவு தாங்கும் என்று சோதித்து, வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 20, 30 தடவை என்று கொடுப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, தேவையில்லாத இடத்துக்கு மறைப்பு, வாழ்நாளில் எவ்வளவு வாங்கினீர்கள் என்ற பதிவு எல்லாம் உண்டு. கடையில் இதில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

வாரம் மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு மருத்துவமனைக்கு அலைவது எளிதல்ல. அந்தச் சிரமத்தால்தான் பலர் கடைக்குப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போகும் முன் தோல் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குறுகிய அலைவரிசைக் கருவியை உங்கள் மேற்பார்வையில் தர முடியுமா, அல்லது களிம்பிலோ மாத்திரையிலோ மாற்று இருக்கிறதா? வெண்புள்ளி உள்ளவர்களுக்கு சன்பெட் இரட்டை நஷ்டம். சுற்றியுள்ள தோல் கருத்து வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும், நிறமில்லாத அந்த இடமோ எரிந்துபோகும்.

குளிர்கால மனச்சோர்வுக்கு வேண்டியது கண்ணில் படும் வெளிச்சம், தோலில் படும் புற ஊதா அல்ல. புற ஊதாவை வடிகட்டிய 10,000 லக்ஸ் வெள்ளை ஒளிப்பெட்டி முன்னால் காலையில் அரைமணி உட்காருவதே மருத்துவர்கள் சொல்லும் முறை. சன்பெட்டில் கண்ணை மறைத்துக்கொண்டு படுக்கிறோம், அந்தப் பலன் வராது. படுத்து எழுந்தால் மனசு லேசாகிறதே என்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு: புற ஊதா பட்டதும் தோல் பீட்டா எண்டார்ஃபின் என்ற இன்பம் தரும் பொருளை உண்டாக்குகிறது. அடிக்கடி போகிறவர்கள் நிறுத்த முடியாமல் தவிப்பதற்கு இதுவும் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனம் சரியில்லாமல் இருக்கும் ஒருவரை அந்தப் பழக்கத்தின் பக்கம் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்கெனவே சில தடவை போய்விட்டவர்கள் பதற வேண்டாம். ஆய்வுகளில் தடவை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது, ஆகவே இன்று நிறுத்துவதற்கு அர்த்தம் உண்டு. மாதம் ஒருமுறை உடம்பு முழுவதையும் பாருங்கள். இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லாத மச்சம், ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், நாளுக்கு நாள் மாற்றம், ஆறாத புண் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நம்மைப் போன்ற தோலில் மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவதே அதிகம். அதற்குப் புற ஊதா பெரும்பாலும் காரணமில்லை. சன்பெட் பக்கமே போகாதவர்களும் அந்த இடங்களைப் பார்க்க வேண்டும். நகத்தில் புதிதாகக் கருங்கோடு ஒன்று வந்து அகலமாகிக்கொண்டே போனால், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்துத் தேதியோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சன்பெட்டில் எந்த வயதில் தொடங்கினீர்கள், ஏறக்குறைய எத்தனை தடவை என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.